தெருவுக்குத் தெரு நின்ற கார்கள் எப்படிக் காணாமல் போகின்றன?

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு காலத்தில் டாக்சி என்றாலே அம்பாசிடர்தான். கல்யாணத்துக்கு வாடகைக்குப் பேசுவதும் அதுதான், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பதும் அதுதான். அப்புறம் மாருதி 800 வந்தது. பாளையங்கோட்டை டாக்டர் வீடுகளில் ஆரம்பித்து வள்ளியூர், திசையன்விளை கடைக்காரர் வீடுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பாதிப்பேர் டிரைவிங் ஸ்கூல் 800-இல்தான் முதல் கியர் போட்டிருப்பார்கள். இன்றைக்கு வண்ணார்பேட்டை பைபாஸில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பாருங்கள். அம்பாசிடர் ஒன்று வந்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. 800-உம் அந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கே போயின என்று கேட்டால் டீக்கடையில் சட்டென்று பதில் வரும். "பதினைஞ்சு வருஷம் ஆச்சுன்னா ஓட்டக் கூடாதுல்லா, கவர்மெண்டே தடை பண்ணிட்டாங்கள்லா" என்பார் ஒருவர். கம்பெனியே மூடிவிட்டது என்பார் இன்னொருவர். சனங்களுக்குப் புதுசு மேல் ஆசை என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்தாலும், லட்சக்கணக்கில் ஓடிய ஒரு வண்டி ஏன் இப்படிச் சத்தமில்லாமல் மறைகிறது என்பது புரியாது. கார் வைத்திருப்பவர், பழைய கார் வாங்க நினைப்பவர், சும்மா வேடிக்கை பார்ப்பவர் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சின் அறிவு எதுவும் வேண்டாம்.

வரத்து நின்ற குளம்

நம் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து குளத்தில் சேர்கிறது. மடை வழியாக வயலுக்குப் போகிறது. கொஞ்சம் வெயிலில் ஆவியாகிறது, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை குளத்தைப் பார்க்கிறவனுக்கு எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே இருக்கிற தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தாலும் மட்டம் ஒன்றுதான்.

ஒரு மாடல் கார் ரோட்டில் எத்தனை இருக்கிறது என்பதும் இப்படித்தான். ஒரு சமயத்தில் ஓடும் நிலையில் இருக்கிற மொத்த வண்டிகளைக் கையிருப்பு என்று சொல்வோம். ஷோரூமிலிருந்து வருவது வரத்து. விபத்து, துரு, காயலான் கடை என்று வெளியேறுவது போக்கு. மாருதி 800 விற்றுக்கொண்டிருந்த காலத்திலும் ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கான 800-கள் செத்துக்கொண்டுதான் இருந்தன. அதைவிட அதிகமாகப் புதியவை வந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வரத்துக்கால் எப்போது அடைபட்டது என்று பார்க்கலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் ஆரம்பித்த அம்பாசிடர் 2014 மே மாதம் நின்றது. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. ஒரே வருஷத்தில் இரண்டுக்கும் முடிவு. நம் ஊரில் 'பியட்' என்றே கூப்பிட்ட பிரீமியர் பத்மினி அதற்கு வெகுகாலம் முன்பே, 2000-ஐ ஒட்டி நின்றுவிட்டது.

வரத்து நின்ற மறுநாள் குளம் வற்றிவிடாது. பல மாதம் தண்ணீர் கிடக்கும். அதனால்தான் கார் விஷயத்தில் எல்லாரும் ஏமாந்துபோகிறோம். தயாரிப்பு நின்ற செய்தி பேப்பரில் வரும்போது தெருவில் அந்த வண்டி நிறைய நிற்கிறது. வண்டி தெருவில் அபூர்வமாகும்போது அந்தச் செய்தி மறந்துபோயிருக்கும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருஷ இடைவெளி.

இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. தயாரிப்பு நின்ற நாளில் ஒரு ஊரில் ஒரே மாடல் வண்டி 100 இருக்கிறது. வருஷத்துக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிகிறது. பத்து வருஷம் கழித்து 43 மிஞ்சும். இருபது வருஷம் கழித்து 19. இப்படி வருஷாவருஷம் கழிகிற பங்குக்கு உதிர்வு விகிதம் என்று பெயர். நிஜத்தில் இது ஒரே சீராக இருக்காது. புது வண்டியில் மிகக் குறைவாகவும், வயதாக ஆகக் கூடுதலாகவும் இருக்கும்.

அந்த 19 வண்டிகளும் முன்பு போல தினமும் ஓடுகின்றனவா என்றால் இல்லை. வீட்டில் புது வண்டி வந்துவிட்டது. பழையது மார்க்கெட்டுக்கும், பக்கத்துக் கோயிலுக்கும், மாசத்தில் சில நாள் வயலுக்கும் மட்டும் போகிறது. முன்பு ஓடியதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓடுகிறது என்று வைத்தால், ரோட்டில் அந்த மாடல் கண்ணில் படுவது நூறுக்கு ஏறக்குறைய 4 என்ற அளவுக்கு இறங்கிவிடும். வண்டியில் ஐந்தில் நான்கு பங்கு போயிருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதிலோ 25-இல் 24 பங்கு போய்விட்டது. "திடீரென்று காணோம்" என்று தோன்றுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மாருதி வருவதற்கு முன்னால் இந்தியா முழுக்க வருஷத்துக்கு விற்ற கார்கள் 50,000-ஐ எட்டாது. 2023-24-இல் மட்டும் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 42 லட்சம். பழைய வண்டி ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்திருந்தாலும் இந்தக் கூட்டத்தில் காணாமல்தான் போயிருக்கும்.

ஆர்.டி.ஓ. ஏட்டைப் பார்த்து, இத்தனை வண்டி இன்னும் இருக்கிறதே என்று சொல்வதும் சரியாக வராது. காயலான் கடைக்குப் போட்டவர்களில் பலர் பதிவை ரத்து செய்வதில்லை. வண்டி தகடாகி, உருகி, கம்பியாகியிருக்கும். ஏட்டில் மட்டும் டி.என். 72 என்று நம் நெல்லை நம்பர் உயிரோடு இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: தயாரிப்பு நின்றதும் கையிருப்பு மெதுவாகக் குறைகிறது, ஓட்டம் அதைவிட வேகமாகக் குறைகிறது, சுற்றிலும் புது வண்டிகள் பெருகுகின்றன. இனிமேல்தான் முக்கியமான கேள்வி. ஒவ்வொரு வண்டியும் எந்தக் காரணத்தால், எந்த இடத்தில் கழிகிறது?

பட்டறையில் எடுக்கிற முடிவு

இயந்திரமாக மட்டும் பார்த்தால் ஒரு கார் சாகவே வேண்டியதில்லை. எஞ்சின் தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடலாம். தரைத் தகடு இற்றுப்போனால் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கலாம். வயரிங் மொத்தமும் புதிதாக இழுக்கலாம். பணமும் பொறுமையும் இருந்தால் எழுபது வருஷ வண்டியையும் ஓட வைக்கலாம், வைத்திருக்கிறார்கள்.

கார் சாவது பணக் கணக்கில். வண்டியை ஓட வைக்க ஆகிற செலவு, அதை விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டுகிற நாள் ஒன்று வரும். வாங்கிய நாளிலிருந்து அந்த நாள் வரைக்குமான காலத்துக்குப் பொருளாதார ஆயுள் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் இருபது வருஷம் ஓடிய மாருதி 800 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி இன்றைக்கு விலை போனால் 45,000 ரூபாய். கிளட்ச் வழுக்குகிறது. நாலு டயரும் வழுவழுப்பாகிவிட்டன. பேட்டரி போய்விட்டது. கதவடியில் டிங்கரிங் வேலை, அதற்குமேல் பெயிண்ட். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கிற நேரமும் இதே மாதத்தில் வந்து நிற்கிறது. எல்லாம் கூட்டினால் 60,000 வருகிறது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "அண்ணாச்சி, இதுல போடுத காசோட கூடக் கொஞ்சம் போட்டா ஒரு ஆல்ட்டோவே எடுத்துரலாம்." அண்ணாச்சி கொஞ்ச நேரம் வண்டியைப் பார்க்கிறார். மகன் காலேஜ் போன வண்டி, மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன வண்டி. ஆனாலும் மெக்கானிக் சொல்வது நியாயம்தான்.

இதில் யாரும் தப்பு செய்யவில்லை. மெக்கானிக் ஏமாற்றவில்லை, அண்ணாச்சிக்கு வண்டி மேல் பாசம் இல்லாமலும் இல்லை. ஒரு கோடு ஏறுகிறது, ஒரு கோடு இறங்குகிறது. வயதாக ஆகப் பழுதுச் செலவு ஏறும், விற்பனை விலை இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் வண்டி நிற்கிறது. இதே முடிவு கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில், மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில், நாங்குநேரியில் ஒரு வீட்டில் என்று தனித்தனியாக எடுக்கப்படுகிறது. 800 என்ற மாடலே ஒழிய வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனாலும் ஒழிகிறது.

சாதாரணமாக இருந்ததுதான் காரணம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். எந்த வண்டி அதிகமாக விற்றதோ, அதுதான் அதிகமாக மிஞ்ச வேண்டும் என்று நினைப்போம். எண்ணிக்கையில் கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் நூற்றுக்கு எத்தனை பிழைக்கிறது என்று பார்த்தால் கதை திரும்பிவிடுகிறது.

ஒரு மாடல் ஊரெல்லாம் கிடைத்தால் பழைய வண்டி விலை மலிவாக இருக்கும். விலை மலிவாக இருந்தால் செலவுக்கோடு அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். அதே வயதுள்ள ஒரு பென்ஸுக்கு இரண்டு லட்சம் செலவு வந்தாலும் செய்கிற ஆள் இருப்பார், ஏனென்றால் வண்டிக்கு விலையும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. 800-க்கு அவ்வளவு செலவு செய்தால் வீட்டிலேயே கேள்வி வரும். "இது என்ன, தெருவுக்குப் பத்து நிக்குதே" என்ற நினைப்பு இருக்கும்வரை யாருக்கும் ஒன்றைப் பத்திரப்படுத்தத் தோன்றுவதில்லை. தெருவில் ஒன்றும் இல்லை என்று தெரியவரும்போது பத்திரப்படுத்த நல்ல வண்டி மிஞ்சியிருக்காது.

சட்டமும் இதற்குத் தகுந்தாற்போல்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கிற காரைப் பழம்பெருமை வாகனமாகத் தனியே பதிவு செய்யலாம். அதாவது முதன்முதலில் வந்த மாருதி 800-க்கே அந்தத் தகுதி 2033 டிசம்பருக்குப் பிறகுதான் கிடைக்கும். 15 வயதில் பழசு என்ற பெயர் வந்துவிடுகிறது, 50 வயதில்தான் மதிப்பு வருகிறது. நடுவில் உள்ள 35 வருஷத்துக்கு அது பழம்பொருளும் இல்லை, புதுப்பொருளும் இல்லை. பெரும்பாலான கார்கள் இந்த இடைவெளியில்தான் மடிகின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டிய இடம். முதல் மாருதி 800-ஐ அந்தக் கம்பெனியே சீர்செய்து வைத்திருக்கிறது. ஆனால் டி.என். 72 நம்பரோடு நம் மண்ணில் ஓடித் தேய்ந்த ஒரு சாதாரண வண்டியை வைத்துக்கொள்ள நாம்தான் நினைக்க வேண்டும்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

15 வருஷம் ஆனால் தடை என்கிற பேச்சைத் தனியாகப் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று தேறினால், 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். அது முடிந்தால் இன்னொரு 5 வருஷம். வண்டி தேறிக்கொண்டிருக்கும்வரை இது தொடரும்.

டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் காற்று மாசுக்காக டீசல் காருக்கு 10 வருஷம், பெட்ரோல் காருக்கு 15 வருஷம் என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊரிலும் தடை என்ற பேச்சு பரவியது. அந்த உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கானது. நெல்லைக்கு இல்லை.

ஆனால் சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அது செலவுக்கோட்டை மேலே தள்ளுகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் இதோடு பசுமை வரியும் உண்டு. மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு இது பெரிய தொகை இல்லை. 45,000 ரூபாய் வண்டிக்கு இதுவே வண்டி விலையில் கால்வாசி வரை போகிறது.

நிஜமாகவே தடை என்று சொல்லத்தக்கது அரசு வண்டிகளுக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய மத்திய, மாநில அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அம்பாசிடரை நம் ஊரில் கடைசிவரை தாங்கிப் பிடித்திருந்தவை அரசு அலுவலகங்கள். அந்தப் பிடி விட்டதும் வெள்ளை அம்பாசிடர்கள் ஆபீஸ் வளாகங்களிலிருந்து ஒரேயடியாகப் போய்விட்டன.

வாடகை வண்டிகளின் கணக்கு வேறு. எட்டு வயதுக்கு மேல் வருஷாவருஷம் எப்.சி. காட்ட வேண்டும். எப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தருகிற சான்று. ஒவ்வொரு எப்.சி.க்கும் முன்னால் ஒரு சுற்று பட்டறை வேலை இருக்கும். ஸ்டாண்டில் நின்ற டாக்சிகள், வீட்டில் நின்ற அதே மாடலைவிட முன்னதாக மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மும்பையில் டாக்சிக்கு 20 வயதுதான் உச்சவரம்பு. அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது, 2023 அக்டோபரில் அந்தக் கறுப்பு மஞ்சள் வண்டிகளின் காலம் முடிந்தது.

முதலில் தீர்வது எஞ்சின் சாமான் அல்ல

'பார்ட்ஸ் கிடைக்காது' என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்த பார்ட்ஸ் என்று கேட்க வேண்டும். பிஸ்டன், கிளட்ச் பிளேட், பிரேக் போன்ற தேய்கிற சாமான்கள் பல வருஷம் கிடைக்கும், ஏனென்றால் எல்லாருக்கும் அடிக்கடி தேவைப்படுவதால் வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. முதலில் தீர்ந்துபோவது கதவு ரப்பர் பீடிங், கண்ணாடி, பின் லைட், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கைப்பிடி. இவை எப்போதாவதுதான் உடையும். அதனால் செய்பவனுக்கு லாபமில்லை. ஆனால் ஒன்று உடைந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், துரு ஆரம்பிக்கும், எப்.சி.யில் நிறுத்துவார்கள். நூறு ரூபாய் ரப்பர் கிடைக்காததால் நல்ல எஞ்சின் உள்ள வண்டி மூலையில் போகிறது.

ஒரு மாடலின் சாமான் இன்னொரு மாடலிலும் இருந்தால் அதன் ஆயுள் நீளும். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின்தான் ஆம்னி வேனிலும் இருந்தது. ஆம்னி 2019 வரை தயாரானது. 800 நின்று ஐந்து வருஷம் வரை அதன் எஞ்சின் சாமான் புதிதாக வந்துகொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். இதற்கு நேர் எதிர் நம் மாநிலத்துக் கார். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்று நான்கு வருஷம்தான் தயாரானது. அதற்கு முன் அதே கம்பெனி செய்த ஹெரால்டை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், 2000-ஐப் பார்த்தவர்களே குறைவு. டேவூ கம்பெனி இந்தியாவில் மூடிய பிறகு சியல்லோவும் மாட்டிஸும் இதே பாட்டைத்தான் பட்டன. அம்பாசிடர் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதன் சாமான்கள் எளிமையானவை, சின்ன லேத் பட்டறையில்கூடக் கடைந்துகொள்ள முடிந்தது.

புது சாமான் தீர்ந்தபின் நடப்பது உடைப்பு. ஓடாத ஒரு வண்டியை வாங்கி, பிரித்து, அதன் கதவும் கண்ணாடியும் லைட்டும் இன்னொரு வண்டிக்குப் போகும். அப்படிப் பிரிக்கிற வண்டியைப் பட்டறையில் 'உடைக்கிற வண்டி' என்பார்கள். இரண்டு வண்டி ஒன்றாகிறது. பிழைத்த ஒன்று நன்றாகவே ஓடும், கையிருப்பில் ஒன்று குறைந்திருக்கும்.

சாமான் மாதிரியே கைவேலையும் தீர்கிறது. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பழைய முறைக் கருவி. அதைச் சத்தத்தைக் கேட்டே ட்யூன் செய்கிற மேஸ்திரிகள் பலர் ஓய்வெடுத்துவிட்டார்கள். இன்றைய பையன்கள் ஸ்கேனரைச் சொருகி வேலை பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, கற்றுக்கொள்ள அவர்களுக்கு அந்த வண்டிகளே வருவதில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு, பழைய ரப்பர் குழாய்களுக்கும் கேஸ்கட்டுகளுக்கும் ஒத்துவருவதில்லை. அவற்றை மாற்றிக்கொண்டால் ஓட்டலாம். அதுவும் ஒரு செலவு.

சுருக்கம்: ஒரு காரை நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பழுது இல்லை. விலை குறைந்த வண்டியில் வந்து சேர்கிற பல சின்னச் செலவுகளும், கிடைக்காத சின்னச் சாமான்களும்தான்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் பகுதியில் ஒரே மாடல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அழிவதில்லை. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடல் காற்றில் உப்பு. தகட்டு இடுக்குகளில் உப்பு ஈரம் தங்கித் துருவை வேகப்படுத்தும். மானூர், கங்கைகொண்டான் பக்கம் வறண்ட காற்று, அங்கே நின்ற வண்டியின் தகடு கொஞ்சம் பிழைக்கும், வெயிலில் ரப்பரும் பெயிண்டும்தான் முதலில் போகும். பழைய வண்டி தேடுகிறவர்கள் அது எந்த ஊரில் நின்றது என்று விசாரிப்பது இதனால்தான்.

துரு எங்கே பிடிக்கிறது என்பதும் முக்கியம். 800 போன்ற கார்களில் தனியாக எலும்புக்கூடு கிடையாது, உடம்புத் தகடே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. இதை மோனோகாக் அமைப்பு என்பார்கள். தரை இற்றால் வண்டியின் பலமே போகிறது. டாடா சுமோ, குவாலிஸ் போன்றவற்றில் கீழே தனிச் சேஸிஸ் சட்டம் இருக்கும், மேல் தகடு ஓட்டையானாலும் வண்டி நிற்கும். குவாலிஸ் 2000 முதல் ஐந்து வருஷம் மட்டுமே இங்கே விற்றது. அப்படியிருந்தும் குற்றாலம் சீசனில் இன்னமும் ஒன்றிரண்டு ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது, தெருவில் நின்ற கார்கள் முங்கின. புது வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கும், வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குப் பணம் வரும். பழைய வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்குகிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் பலர் போடுகிறார்கள். அது நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது. நம் வண்டி முங்கினால் ஒரு பைசா வராது. ஆகவே ஒரே வெள்ளத்தில் நனைந்த இரண்டு கார்களில் புதியது பட்டறைக்குப் போகும், பழையது காயலான் கடைக்குப் போகும்.

அடுத்து எது?

இதுவரை படித்ததை வைத்து இன்றைய தெருவைப் பாருங்கள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுகிற ஆம்னி வேன் இன்னமும் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 2019-இல் புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. வரத்துக்கால் அடைபட்ட குளம் அது. டாடா இண்டிகா 1998-இல் வந்து 2018-இல் நின்றது. டாக்சியாகக் கடுமையாக ஓடியதால் அது ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டது. சுமோவும் 2019-இல் நின்றது. அந்த உயரமான முதல் சான்ட்ரோ 2014-இல் நின்றது, அதே பெயரில் பிறகு வந்தது வேறு வண்டி. ஷெவர்லே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது, அந்தக் கம்பெனியின் டவேரா வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாமே தொடர்ந்து ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டி புகை அதிகம் விடும். 800-இல் காற்றுப்பை கிடையாது, நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தோடு அதில் போவது எனக்கே பயம்தான். ஆனால் மாடலுக்குச் சில நல்ல வண்டிகளாவது, ஓடும் நிலையில், ஓடிய ஊரிலேயே இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதற்கு ஆகிற செலவு, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது ஆரம்பித்தால் குறைவு.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நின்றால், கூரைக்கடியில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை எஞ்சின் சூடேறும்வரை ஓட்டுங்கள். கதவு ரப்பர், பின் லைட், முன் கண்ணாடி மூன்றும் கிடைக்கும்போதே ஒரு செட் வாங்கி வையுங்கள். பதிவு முடிய 60 நாள் இருக்கும்போதே படிவம் 25-இல் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்தால், முதலில் அதே மாடல் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கதவில் இன்னொரு வண்டி பிழைக்கலாம். இல்லையென்றால் அரசுப் பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போட்டாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். செய்யாமல் விட்டால், பின்னால் அந்த நம்பரை யார் எதற்குப் பயன்படுத்தினாலும் நோட்டீஸ் உங்கள் விலாசத்துக்குத்தான் வரும்.